வைஃபை டேட்டாவை இழுப்பது யார்... போனா, டிவியா, கேமராவா? சாதனம் வாரியாக கண்டுபிடிப்பது எப்படி? முழு விளக்கம்

மாதத் தொடக்கத்தில் பறக்கும் வீட்டு இன்டர்நெட், 18, 20 தேதி வாக்கில் திடீரென படுத்துவிடுகிறது. கனெக்‌ஷன் கொடுத்த கேபிள்காரருக்கு போன் போட்டால், "உங்க டேட்டா லிமிட் முடிஞ்சிருச்சு" என்கிறார். உடனே வீட்டுக்குள் ஒரு விசாரணை தொடங்கும். தீர்ப்பு பெரும்பாலும் முன்கூட்டியே தயாராக இருக்கும்: "எந்நேரமும் போனை நோண்டிக்கிட்டே இருந்தா இப்படித்தான்!"

ஆனால், டேட்டாவை இழுத்தது உண்மையிலேயே அந்த போன்தானா? அதை எப்படி உறுதி செய்வது? எந்தச் சாதனம் எவ்வளவு டேட்டா பயன்படுத்தியது என்று தனித்தனியாக பார்க்க முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் மாதிரியான ஊர்களில் இந்தக் கேள்வி ரொம்பவே முக்கியம். விசைத்தறி ஊர் இது. பல இடங்களில் வீடும் தறிக்கூடமும் ஒட்டியே இருக்கும். வீட்டு டிவி, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, ஐடி வேலை பார்ப்பவரின் லேப்டாப், தறிக்கூடத்து கேமரா என எல்லாமே ஒரே ரவுட்டரில் ஓடும். ஊரில் இருந்தே வேலை பார்ப்பதும் இந்த மாவட்டத்துக்கு புதுசு இல்லை. மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011-லேயே அலுவலகம் திறந்தது. ஆக, நெட் படுத்தால் வீட்டில் சீரியல் மட்டும் நிற்காது. சம்பளமும் படிப்பும் சேர்ந்தே பாதிக்கும்.

"அன்லிமிடெட்"னு சொல்லித்தானே கொடுத்தாங்க?

விளம்பரத்தில் அன்லிமிடெட் என்று இருந்தாலும், பெரும்பாலான திட்டங்களுக்கு ஒரு மாத அளவு உண்டு. இதை 'ஃபேர் யூசேஜ் பாலிசி', சுருக்கமாக எஃப்யூபி என்பார்கள். ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் இந்த அளவு மாதம் 3,300 ஜிபி. ஏர்ஃபைபர் இணைப்புகளில் பொதுவாக 1,000 ஜிபி.

அந்த அளவைத் தாண்டினால் நெட் நிற்காது. ஆனால் வேகம் விழுந்துவிடும். திட்டத்தைப் பொறுத்து 2 அல்லது 4 எம்பிபிஎஸ் என்ற அளவுக்கெல்லாம் குறையும். இன்னொரு விஷயம், பல திட்டங்களில் டவுன்லோடும் அப்லோடும் சேர்த்துத்தான் கணக்கு. நாம் பார்ப்பது மட்டுமல்ல, நம் வீட்டில் இருந்து வெளியே போவதும் இந்த அளவில் கழியும்.

வேகம் வேற, அளவு வேற

இந்த இரண்டையும் பலரும் குழப்பிக்கொள்வார்கள். தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். குழாய் எவ்வளவு அகலம் என்பதுதான் வேகம். மாதம் முழுக்க எத்தனை குடம் பிடித்தோம் என்பதுதான் டேட்டா அளவு.

வேகத்தை 'பிட்' கணக்கில் சொல்வார்கள், அளவை 'பைட்' கணக்கில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். அதனால் 30 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு விநாடிக்கு அதிகபட்சம் 3.75 எம்பி தான் வரும். அந்த வேகத்தில் 24 மணி நேரமும் இடைவிடாமல் ஓடினால் ஒரு நாளைக்கு 324 ஜிபி. 3,300 ஜிபியே பத்து நாளில் காலி.

அப்படி யார் வீட்டிலும் இடைவிடாமல் டவுன்லோடு செய்ய மாட்டார்கள்தான். ஆனால் 24 மணி நேரமும் ஓய்வில்லாமல் வேலை செய்கிற சாதனம் வீட்டுக்குள் இருக்கு. நாம்தான் அதை கவனிப்பதில்லை.

ஒரு வீட்டுக் கணக்கு போட்டுப் பார்ப்போமா?

சங்கரன்கோவிலில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 1,000 ஜிபி லிமிட் உள்ள இணைப்பு. வீட்டில் ஸ்மார்ட் டிவி ஒன்று. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு ஆன்லைனில் படிக்கும் மகள். வாசலில் ஒரு கேமரா, தறிக்கூடத்தில் ஒரு கேமரா. இரண்டும் பதிவை நேரடியாக கிளவுடுக்கு அனுப்புகிற வகை.

டிவி: ஹெச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை செலவாகும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். 4கே என்றால் 7 ஜிபி வரை போகும். தினமும் 4 மணி நேரம் ஹெச்டி என்று வைத்தால் மாதம் 360 ஜிபி.

மகளின் வகுப்பு: வீடியோ வகுப்புக்கு மணிக்கு 1 ஜிபி, தினமும் 2 மணி நேரம் என்றால் மாதம் 60 ஜிபி.

கேமரா: ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. மாதம் 648 ஜிபி. இரண்டு கேமராவுக்கு 1,296 ஜிபி.

மொத்தம் 1,716 ஜிபி. அதாவது மாதத்தின் 18-ஆம் நாளே லிமிட் தாண்டிவிடும். இதில் கேமராக்களின் பங்கு நான்கில் மூன்று பங்கு. திட்டு வாங்கும் மகளின் பங்கு நூற்றுக்கு நான்குகூட இல்லை!

அதோடு முடியவில்லை. லிமிட் தாண்டி வேகம் 4 எம்பிபிஎஸ் ஆகக் குறைந்தால், அப்லோடுக்கு கிடைக்கும் அந்த நான்கையும் இரண்டு கேமராக்களே ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். அப்லோடு பாதை நிரம்பிவிட்டால் டவுன்லோடும் திணறும். ஏனென்றால், "வந்து சேர்ந்தது, அடுத்ததை அனுப்பு" என்று நம் சாதனம் திருப்பி அனுப்பும் தகவலும் அதே அப்லோடு பாதையில்தான் போக வேண்டும். அது வரிசையில் காத்து நிற்கும். வகுப்பில் ஆசிரியர் முகம் உறைந்து நிற்பதும், குரல் விட்டுவிட்டு கேட்பதும் இதனால்தான்.

இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் கணக்கு கிடையாது. மெமரி கார்டிலோ டிவிஆர் பெட்டியிலோ பதிவு செய்கிற கேமராக்கள், நாம் வெளியே இருந்து திறந்து பார்க்கும் நேரத்தில் மட்டும்தான் நெட்டைப் பயன்படுத்தும். அப்படிப்பட்ட வீட்டில் டேட்டாவை இழுப்பது 4கே டிவியாக இருக்கலாம். 100 ஜிபியைத் தாண்டும் கம்ப்யூட்டர் கேமாக இருக்கலாம். கல்யாண வீட்டில் எடுத்த வீடியோவை ராத்திரி முழுக்க பேக்கப் எடுக்கும் போனாகவும் இருக்கலாம். ஒரு நிமிட 4கே வீடியோவே 150 எம்பிக்கு மேல் வரும். அதனால்தான் யாரையும் கை காட்டுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டியிருக்கு.

நெட் கம்பெனியிடம் கேட்டால் சொல்ல மாட்டார்களா?

மொத்தக் கணக்கை சொல்வார்கள். மைஜியோ, ஏர்டெல் தேங்க்ஸ் ஆப்களிலும், பிஎஸ்என்எல் வாடிக்கையாளர் இணையதளத்திலும் இந்த மாதம் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதில் டிவி எவ்வளவு, போன் எவ்வளவு என்ற பிரிவு இருக்காது.

காரணம் இதுதான். வெளியே இருந்து பார்த்தால் உங்கள் வீடு முழுவதும் ஒரே முகவரி. வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ரவுட்டர்தான் தனி எண் கொடுக்கிறது. உள்ளே இருந்து போகிற எல்லாவற்றையும் ஒரே முகவரிக்கு மாற்றி வெளியே அனுப்புவதும், திரும்பி வருவதை சரியான சாதனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதும் அதே ரவுட்டர்தான். ஒரு காம்பவுண்டில் பத்து குடித்தனம், வாசலில் ஒரே தபால் பெட்டி என்கிற மாதிரி. எந்தக் குடித்தனத்துக்கு எத்தனை கடிதம் என்பது உள்ளே பிரித்துக் கொடுப்பவருக்குத்தான் தெரியும். ஆக, சாதனம் வாரியான கணக்கு வேண்டுமென்றால் ரவுட்டரைத்தான் கேட்கணும்.

சரி, எப்படி பார்க்குறது? 4 வழிகள்

வழி 1: ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கம்

வைஃபையில் இணைந்திருக்கும் போனிலோ கம்ப்யூட்டரிலோ பிரவுசரைத் திறந்து, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை டைப் செய்யுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். யூசர்நேம், பாஸ்வேர்டும் அதிலேயே இருக்கும்.

உள்ளே போனதும் 'கனெக்டட் டிவைசஸ்' அல்லது 'டிஹெச்சிபி கிளையண்ட் லிஸ்ட்' என்ற பகுதியில் இப்போது இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் வரும். டேட்டா அளவு வேண்டுமென்றால் 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்', 'டிராஃபிக்' என்ற பெயர்களில் தேடுங்கள். டிபி-லிங்க் நிறுவனத்தின் பழைய மாடல்களில் 'சிஸ்டம் டூல்ஸ்' பகுதிக்குள் 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' இருக்கும். ஏசுஸ் ரவுட்டர்கள் பலவற்றில் 'டிராஃபிக் அனலைசர்' இருக்கு.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: பல மாடல்களில் கரண்ட் போய் வந்தால் இந்தக் கணக்கு பூஜ்யத்தில் இருந்து தொடங்கும். அதனால் தினமும் ஒரே நேரத்தில் பார்த்து, ஒரு வாரத்துக்கு குறித்து வையுங்கள்.

வழி 2: ஒவ்வொரு சாதனத்தையும் தனியாகக் கேட்பது

கனெக்‌ஷனுடன் கொடுக்கும் பெட்டிகள் பலவற்றில் சாதனம் வாரியான டேட்டா கணக்கு இருக்காது. அப்போ நேராக சாதனத்திடமே கேட்கலாம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் உள்ளே 'டேட்டா யூசேஜ்' பகுதிக்குப் போனால், வைஃபை வழியாக எந்த ஆப் எவ்வளவு பயன்படுத்தியது என்று தெரியும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியில் கடந்த 30 நாள் கணக்கே கிடைக்கும். ஐபோன் மட்டும் மொபைல் டேட்டா கணக்கைத்தான் காட்டும். வைஃபை கணக்கு அதில் இருக்காது.

வழி 3: ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது

டிவியும் கேமராவும் கணக்கு சொல்லாது. அதற்கு ஒரு பழைய வழி இருக்கு. முதல் நாள் எல்லாம் வழக்கம்போல ஓடட்டும். கம்பெனி ஆப்பில் அன்றைய மொத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் கேமராவை மட்டும் வைஃபையில் இருந்து கழற்றுங்கள். அதற்கடுத்த நாள் டிவியை. எதை நிறுத்திய நாளில் மொத்தம் சட்டென்று இறங்குகிறதோ, அதுதான் ஆள்! ஒரு பைசா செலவில்லை.

வழி 4: நல்ல ரவுட்டர் ஒன்றை இடையில் வைப்பது

வீட்டிலேயே ஆபீஸ் நடத்துபவர்கள், கடை வைத்திருப்பவர்களுக்கு இது உதவும். கம்பெனி பெட்டிக்கு அடுத்ததாக, சாதனம் வாரியாக கணக்கு வைக்கிற ரவுட்டரை இணைத்து, வீட்டு வைஃபையை அதில் இருந்து கொடுக்கலாம். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் 'ஓபன்டபிள்யூஆர்டி' என்ற இலவச மென்பொருளை அதற்கு ஏற்ற ரவுட்டரில் போட்டு, மாதக் கணக்கையே சேமித்து வைக்கிறார்கள். ஆனால் கம்பெனி கொடுத்த பெட்டியில் இந்த வேலை வேண்டாம். இணைப்பே போய்விடும்.

வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: "ஒவ்வொரு டிவைஸுக்கும் தனித்தனியா டேட்டா காட்டுமா?" சில ரவுட்டர்கள் மொத்தத்தை மட்டுமே காட்டும்.

வீட்டில் 5 சாதனம்தான்... லிஸ்ட்டில் 8 வருதே?

பதற வேண்டாம். எண்ணி முடிக்காமல் யாரையும் சந்தேகப்படவும் வேண்டாம். டிவி, செட்டாப் பாக்ஸ், ஸ்மார்ட் பல்பு, பழைய போன் எல்லாம் தனித்தனியாக வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு சாதனத்துக்கும் 'மேக் அட்ரஸ்' என்ற அடையாள எண் இருக்கும். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதல், பாதுகாப்புக்காக போன்கள் தங்கள் உண்மையான எண்ணை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு வேறு எண்ணைக் காட்டுகின்றன. அதனால் போன் பெட்டியில் அச்சிட்ட எண்ணும் ரவுட்டர் காட்டும் எண்ணும் பொருந்தாது. போனின் வைஃபை செட்டிங்ஸில் இப்போது பயன்படுத்தும் எண் தெரியும். அதோடு ஒப்பிட்டு, ரவுட்டரில் 'அப்பா போன்', 'ஹால் டிவி' என்று பெயர் மாற்றி வைத்துவிட்டால் அடுத்த மாதம் வேலை சுலபம்.

எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சினால்? போன வருஷம் ஆடித்தபசுக்கு வந்த சொந்தக்காரருக்கு பாஸ்வேர்டு கொடுத்திருப்போம். அவர் அதை பக்கத்து வீட்டுப் பையனுக்கு சொல்லியிருப்பார். இப்படித்தான் பெரும்பாலும் நடக்கும். ஆனாலும் அதை அலட்சியமாக விட முடியாது.

யாரோ பயன்படுத்திட்டுப் போகட்டுமே... என்ன ஆகிடும்?

2008 ஜூலை 26-ஆம் தேதி அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்கு சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மெயில் வந்திருந்தது. அது எந்த இணைப்பில் இருந்து வந்தது என்று தேடிய போலீஸ், நவி மும்பையில் வாடகை வீட்டில் இருந்த ஓர் அமெரிக்கரின் கதவைத் தட்டியது. அவர் வீட்டு வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது. அதற்குள் அவர் வீட்டு கம்ப்யூட்டர்கள் கைப்பற்றப்பட்டு, அவர் விசாரணையைச் சந்திக்க வேண்டியதாயிற்று. வெளியே இருந்து பார்த்தால் வீடு முழுக்க ஒரே முகவரி என்று மேலே பார்த்தோமே, அதன் விளைவுதான் இது.

பாஸ்வேர்டு இன்னொரு விதத்திலும் காலை வாரும். 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்களை ஒரு மால்வேர் தாக்கியது. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களின் இணைப்பு முடங்கியது. மோடம் வாங்கும்போது இருந்த 'அட்மின்' என்ற பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவர்கள்தான் சிக்கினார்கள். எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று பிஎஸ்என்எல் கேட்டுக்கொண்டது.

ஆகவே இரண்டு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். ஒன்று வைஃபைக்கு, இன்னொன்று ரவுட்டர் செட்டிங்ஸ் பக்கத்துக்கு. யாரும் பயன்படுத்தாத நேரத்திலும் ஒரு கம்ப்யூட்டர் டேட்டாவை அனுப்பிக்கொண்டே இருந்தால் மால்வேர் இருக்கிறதா என்று சோதியுங்கள். மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' 2017 முதல் இதற்கான கருவிகளை இலவசமாகத் தருகிறது.

ஆளைக் கண்டுபிடிச்சாச்சு... அடுத்து என்ன?

கேமரா என்றால்: இடைவிடாத பதிவை நிறுத்தி, அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்யும்படி மாற்றுங்கள். தறிக்கூடத்தில் தறி ஓடிக்கொண்டே இருப்பதால் அசைவும் இருந்துகொண்டே இருக்கும். அங்கே மெமரி கார்டு பதிவுதான் சரிப்படும்.

டிவி என்றால்: ஆப் செட்டிங்ஸில் வீடியோ தரத்தைக் குறையுங்கள். 32 இன்ச் டிவியில் 4கேவுக்கும் ஹெச்டிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

போன் பேக்கப் என்றால்: வீடியோ பேக்கப்பை மட்டும் நிறுத்தி, தேவைப்படும்போது ஆன் செய்யலாம்.

வேலை, வகுப்பு நேரத்தில் மட்டும் பிரச்சினை என்றால்: பல ரவுட்டர்களில் 'கியூஓஎஸ்' அல்லது 'பேண்ட்விட்த் கண்ட்ரோல்' இருக்கும். குறிப்பிட்ட லேப்டாப்புக்கு முன்னுரிமை கொடுக்கலாம், கேமராவுக்கு வேக உச்சவரம்பு வைக்கலாம்.

விருந்தாளிகளுக்கு: 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று தனி வைஃபை பெயர் உருவாக்கி அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள். திருவிழா முடிந்ததும் அதை மட்டும் அணைத்துவிடலாம்.

இது கண்காணிப்பா, வேவு பார்ப்பதா?

எத்தனை ஜிபி போனது என்பதை ரவுட்டர் சொல்லும். வாட்ஸ்அப்பில் என்ன எழுதினார்கள் என்பதைச் சொல்லாது, அது என்கிரிப்ட் ஆகியிருக்கும். ஆனால் எந்தெந்த இணையதளத்துக்குப் போனார்கள் என்ற பட்டியலை சேமிக்கிற ரவுட்டர்கள் உண்டு. அந்த வசதியை ஆன் செய்தால் டேட்டா கணக்கைத் தாண்டி அடுத்தவர் விஷயத்துக்குள் போய்விடுகிறோம். கல்லூரி போகும் பிள்ளை, மருமகள், வாடகைக்கு இருப்பவர் என யாராக இருந்தாலும், சொல்லாமல் செய்தால் நெட் பிரச்சினை குடும்பப் பிரச்சினையாக மாறும்.

டேட்டா பிரச்சினைக்கு ஜிபி கணக்கே போதும். அதை எல்லோரும் பார்க்கும்படி பார்ப்பது இன்னும் நல்லது.

கணக்கு சரியா இருந்தும் ஸ்லோவா இருந்தா?

அப்போ கம்பெனியைக் கேட்கலாம். லிமிட் தாண்டிய பிறகும் வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது என்று டிராய் 2016-ல் உத்தரவிட்டது. 2023-ல், பிராட்பேண்ட் என்று சொல்ல குறைந்தது 2 எம்பிபிஎஸ் டவுன்லோடு வேகம் வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை வரையறையை உயர்த்தியது.

புகார் செய்யும் முன், ரவுட்டரில் லேன் கேபிளை நேரடியாக லேப்டாப்பில் செருகி, மற்ற எல்லாவற்றையும் துண்டித்துவிட்டு வேகத்தைச் சோதியுங்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். புகார் எண்ணை மறக்காமல் வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம்.

கையில் ஒரு வாரக் கணக்கு இருந்தால் "உங்க வீட்ல யூஸ் அதிகம் சார்" என்ற பதிலோடு கேபிள்காரர் போனை வைக்க முடியாது. அதே கணக்கு இருந்தால், 18-ஆம் தேதி நெட் படுக்கும்போது முதல் திட்டு மகளுக்குப் போகாது. வாசல் கேமராவின் செட்டிங்ஸைத்தான் முதலில் திறந்து பார்ப்பீர்கள்.